பதினோராவது நாற்காலி

"எந்தப் புண்ணியவான் எழுதினதுன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

முதலாளி போட்ட சத்தத்தில், திரைச்சீலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மெல்லக் கடையை விட்டு நழுவிவிட்டார்.

முதலாளியின் கையில் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். கடைகளில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று புதுச் சட்டம் வந்து மூன்று மாதம் ஆகிறது. உங்கள் கடையில் ஒருவர் நாள் முழுக்க நின்றே வேலை செய்வதாகப் புகார், இன்று பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தது.

"சட்டம் வந்த மறுநாளே பதினோரு பேருக்கும் நாற்காலி போட்டேனா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்க!"

"போட்டீங்க முதலாளி" என்றார் அளவு எடுக்கிற அக்கா, இன்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

"அப்புறம் என்ன கேடு? இருபத்திரெண்டு வருஷமா ஒரு சின்னப் புகார் வராத கடை இது. அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். இந்த நேரத்துல இப்படி ஒண்ணு நிலுவையில நின்னா கடை கதி என்ன, நம்ம கதி என்ன? எழுதினது யாருன்னு மட்டும் தெரியட்டும், அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுறேன்!"

துணி வெட்டுகிற அண்ணன் கத்தரிக்கோலை எடுத்துக் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார். பில் போடுகிற தங்கச்சிக்குத் திடீரென்று கீபோர்டைத் துடைக்கிற வேலை வந்துவிட்டது.

ஆத்திரம் அடங்காமல் முதலாளி வீட்டுக்கு போன் போட்டார்.

"கேட்டியா கதையை! கூடவே இருந்து குழி பறிச்சிருக்காங்க!"

"அடப் பாவமே!" என்றாள் மனைவி. "விடாதீங்க. யாருன்னு கண்டுபிடிச்சு நறுக்குன்னு நாலு கேள்வி கேளுங்க."

"கேட்காம விடுவேனா?"

பன்னிரண்டு அடிக்க ஆய்வாளர் அம்மா வந்துவிட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு நாற்காலியாகத் தட்டிப் பார்த்து எண்ணினார். வெட்டுகிற அண்ணனின் மேஜைக்கு வந்ததும் நின்றார்.

"பத்து புதுசு. இது மட்டும் பழசா இருக்கே? கைப்பிடி தேஞ்சிருக்கு, மெத்தை வேற அமுங்கிக் கிடக்கு."

முதலாளி அசடு வழிந்தார்.

"ஒண்ணு குறைஞ்சுது மேடம். அதான், கடையில இருந்ததையே போட்டுட்டேன். பழசுன்னாலும் உட்கார நல்லா இருக்கும்."

இதில் போய்க் கஞ்சத்தனம் காட்டுவாரா ஒரு மனுஷன்? ஆய்வாளர் நோட்டில் குறித்துக்கொண்டு, வாசல் பக்கமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரைமணி நேரம் ஆயிற்று. ஆள் வந்தால் எழுந்து துணியை விரித்துக் காட்டினார்கள். ஆள் போனதும் உட்கார்ந்தார்கள். காலையில் நழுவிப்போன அம்மாகூட மனசு கேட்காமல் திரும்பி வந்து, அதே திரைச்சீலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கல்லா மேஜையில் கையை ஊன்றியபடி ஆய்வாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு பேர், பதினோரு நாற்காலி. கணக்கு சரியா இருக்கு" என்றார் ஆய்வாளர்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"நான்தான் சொன்னேனே மேடம்! பொய்ப் புகார்! வயித்தெரிச்சல்!"

"பொய் இல்ல சார். படிக்கிறேன், கேளுங்க."

ஆய்வாளர் காகிதத்தைப் பிரித்தார்.

"'அவருக்கு முட்டி வீங்கியிருக்கிறது. மத்தியானம் ஆனால் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். தன்னுடைய நாற்காலியைத் துணி வெட்டுகிறவருக்குக் கொடுத்துவிட்டு மூன்று மாதமாக நின்றுகொண்டே கல்லாவைப் பார்க்கிறார். இன்னொன்று வாங்குங்கள் என்றால், போட இடமில்லை, நிற்பது எனக்குப் பழக்கம்தான் என்கிறார். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சட்டம் சொன்னாலாவது கேட்கிறாரா பார்க்கலாம்.'"

முதலாளி ஒரு கையால் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"இந்தச் சட்டம் வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் சார். முதலாளிக்கு இதுல இடமே இல்ல" என்றார் ஆய்வாளர். "ஆனா புகார்னு ஒண்ணு வந்துட்டா நான் அதை முடிச்சு வெச்சாகணும். நீங்க உட்கார்ந்தாத்தான் ஃபைலை மூட முடியும். லைசென்ஸ் வேணுமா, வேண்டாமா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் வெட்டுகிற அண்ணன் மாடிக்கு ஓடி, எல்லோருமாக வாங்கி ஒளித்து வைத்திருந்த புது நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். பில் தங்கச்சி தலையணை அடுக்கை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"இதை நகர்த்தினா இடம் கிடைக்கும்னு மூணு மாசமா கத்துறேன்!"

முதலாளி உட்கார்ந்தார். "அப்பாடா!" என்று அவரையும் மீறி ஒரு சத்தம் வந்தது. கடையே கைதட்டியது. திரைச்சீலை அம்மா, விஷயம் முழுசாகப் புரியாவிட்டாலும், எல்லோரையும்விட பலமாகத் தட்டினார்.

"சரி முதலாளி" என்றார் அளவு அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எழுதினது யாருன்னு பார்க்க வேண்டாமா? சீட்டைக் கிழிக்கணுமே!"

"பேரை ரகசியமா வெச்சுக்கவான்னு கேட்டேன். வேண்டாம், அவர்கிட்டயே காட்டுங்கன்னுட்டாங்க" என்று ஆய்வாளர் காகிதத்தை நீட்டினார்.

கண் கலங்கியதில் முதலாளிக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தார். பதினோரு கையெழுத்தும் வரிசையாக இருந்தன.

அந்தப் பதினொன்றுக்கும் மேலே, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருந்தவள், நறுக்கென்று நாலு கேள்வி கேட்கச் சொன்ன அவர் மனைவி.