முதல் திரையில் ஒரே பெயர்

எண்பதுகளின் லிவர்பூல்; ஒரு கம்ப்யூட்டர் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கேசட்டிலிருந்து விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏறும்வரை அது கிறீச்சிட்டுக்கொண்டே ஓடுகிறது, டி.வி.யின் ஓரங்களில் நீலமும் மஞ்சளும் கோடுகோடாகத் துடிக்கின்றன. பதினாறு வயது நெவில் எழுதிய விளையாட்டு இன்றுதான் விற்பனைக்கு வந்திருக்கிறது. பக்கத்தில், மழையில் நனைந்த கோட்டோடு அவன் வகுப்புத் தோழி கிளெனிஸ். விளையாட்டில் வரும் தபால்காரரையும் அவரைத் துரத்தும் நாயையும் கட்டம் போட்ட தாளில் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி நிரப்பி வரைந்து கொடுத்தவள் அவள்தான். சத்தம் நிற்கிறது. திரையில் ‘நெவில் கிராப்பர்’ என்ற பெயர் நாலு நிறத்தில் மின்னுகிறது. வேறு பெயரே இல்லை. “என் பேரு எங்கடா?” என்று மெல்லக் கேட்கிறாள் கிளெனிஸ். “மெமரி பத்தல. ஒவ்வொரு எழுத்தும் இடத்த அடைக்குது.” “ஓஹோ! உன் பேரு மினுக்குறதுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு இடம்?” அவன் காதுமடல்கள் சுடுகின்றன. இடம் இருந்தது அவனுக்குத் தெரியும். அதற்குள் திரையில் ஆட்டம் தொடங்கிவிட, ஓர் அம்மாள் கேசட்டையும் பேனாவையும் அவனிடம் நீட்டுகிறார். “எம் பையனுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு கண்ணு. அந்த நாய் என்னமா ஓடுது!” நெவில் பேனாவை வாங்கி, தலைநிமிராமல் கிளெனிஸிடம் நீட்டுகிறான். அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்கிறாள். “நீயே போடு. கேசட் அட்டை சின்னது, ரெண்டு பேரு கொள்ளாது.”