அண்ணனின் கோட்டு

காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் உலகமே தலைகீழ். போட்டோக்காரருக்கு அது பழகிப்போய் எத்தனையோ வருஷம்.

மவுண்ட் ரோட்டில் அவரிடம் படம் எடுத்துக்கொள்ளாத பெரிய மனிதர் இல்லை. விக்டோரியா மகாராணி படத்தின் கீழே கிடந்த அந்த நாற்காலியில் கவர்னர் துரையே அசையாமல் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்று அதில் வேதகிரி.

காலராவில் போன அண்ணனின் கோட்டையும் தலைப்பாகையையும் மாட்டிக்கொண்டு, அண்ணனாகவே உட்கார்ந்திருந்தான்.

அண்ணனுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. கைக்குழந்தை நாளைக்கு அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால் எதைக் காட்டுவது? அண்ணிதான் இந்த யோசனையைச் சொன்னாளாம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை.

அவள் திரைக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, இவன் முகவாயை இறக்கினான். மீசையை முறுக்கிவிட்டான்.

திடீரென்று திரைக்குப் பின்னால் பேச்சு நின்றுபோயிற்று. அழுகை கேட்டது.

சரியாக வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

படம் வீட்டுக்குப் போனது. மாலை போட்டு விளக்கு வைத்தார்கள்.

அடுத்த பொங்கல் கழிந்து வேதகிரி அதே படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு தனியாக வந்தான். இதில் ஒரு மச்சமாவது வரைந்து தர முடியுமா? தன் முகம் மாதிரி இல்லாமல் இருந்தால் போதும்.

அவருக்கு ஊர்க்கதை என்றால் சோறு வேண்டாம். தூரிகையை எடுத்து வைத்துக்கொண்டு என்ன ஏது என்று துருவினார்.

வேதகிரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணி தினமும் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்து இந்தப் படத்தைக் காட்டுகிறாள். அப்பா, அப்பா என்று சொல்லிக் கொடுக்கிறாள். நேற்று இவன் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை தத்தித் தத்தி வந்து, அப்பா என்று இரண்டு கையையும் தூக்கியது.

அண்ணி பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

நீ என்ன செய்தாய் என்று கேட்டார்.



"தூக்கிக்கிட்டேன், ஐயா."

அவருக்கு இன்னும் ஆயிரம் கேட்க வேண்டியிருந்தது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

மச்சத்தை எங்கே வைக்கட்டும் என்று மட்டும் கேட்டார்.

வேதகிரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டு, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினான்.