மலையிறங்கிய தண்ணீர்

குஞ்சோரோ அளவுநாடாவை அவசரமாகச் சுருட்டினார். மெராபி எரிமலையைச் சுற்றியுள்ள கிணறுகளைச் செவ்வாய்தோறும் அளப்பது அவர் வேலை. மேல் ஊர்க் கிணற்றில் நீர்மட்டம் மறுபடியும் ஒரு முழம் இறங்கியிருந்தது. இங்கே, கீழ் ஊரில், சுமியாத்தி வீட்டுக் கிணற்றில் அதே ஒரு முழம் ஏறியிருந்தது.

"மலைக்கடியில தண்ணி இடம் மாறுதும்மா! நெருப்புக் குழம்பு உள்ளேருந்து தள்ளுது. மேலிடத்துக்குச் சொல்லிட்டேன். ரெண்டு ஊரும் இன்னிக்கே காலி பண்ணணும்."

சுமியாத்தி மல்லிகைத் தேநீரை நீட்டினாள். "மாட்டையுமா ஐயா?"

"மாட்டையும்தான்!"

"அப்போ தண்ணி ஏறினது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கிறதா? பெரிய ஆபத்தும்மா இது!"

அவள் முகம் வாடிவிட்டது. "முதல் தடவை வந்தப்போ, தண்ணி இவ்வளவு கம்மியா இருக்கேன்னு உச்சுக் கொட்டினீங்க. தேநீரைக்கூடத் தொடாம எழுந்து போயிட்டீங்க. வீட்டுக்கு வந்தவரை அப்படி அனுப்பினோமேன்னு எங்களுக்கு ஒரே அவமானம். அதான், ஒவ்வொரு செவ்வாயும் நீங்க வர்றதுக்கு முந்தி என் வீட்டுக்காரர் இருபது கேன் தண்ணி கொண்டாந்து ஊத்திடுவார்."

வாய்க்குப் போன கோப்பை பாதியில் நின்றது.

"எங்கேருந்து?"

"மேல் ஊர்ல என் நாத்தனார் வீட்டுக் கிணத்துலேருந்துதான். மோட்டார் சைக்கிள்ல."

தெருவில் ஒலிபெருக்கி, உடனே லாரியில் ஏறச்சொல்லி ஊரையே கூவியழைக்க ஆரம்பித்தது.

சுமியாத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடுத்த வாரம் எவ்வளவு இருக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க ஐயா. ஒரு விரற்கடை கூடாம ஊத்தச் சொல்றேன்."