ஆறு இருபது வெயில்

ஜப்பானிலிருந்து வந்த வானிலைப் பெட்டியை மொட்டைமாடியில் மாட்டினார்கள். பெட்டிக்குள் ஊர்ப் பெயரை மாற்றினார்கள். கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். அதில் ஜப்பான் நேரமே, நம் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னதாக, ஓடிக்கொண்டிருந்தது.

"இன்றைக்குப் பகல் நேற்றைவிட ஒரு நிமிடம் நீளம்," என்றது பெட்டி.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காகத்துக்குச் சந்தோஷம். குஞ்சுகளுக்கு இரை தேட இன்னும் ஒரு நிமிடம்!

மதிய வெயில் கொளுத்தும்போதே பெட்டி மறுபடி பேசியது: "மணி ஆறு இருபது. சூரியன் மறைந்துவிட்டது."

காகம் அண்ணாந்து பார்த்தது. கண் கூசியது.

"அப்போ மேலே இருக்கிறது என்ன?"

"என் கணக்கில் அப்படி எதுவும் இல்லை."

"பகல் நீளம்னு நீதானே சொன்னே?"

"நீளம்தான். முடிந்தும்விட்டது."

காகத்துக்குத் தலை சுற்றியது. இவ்வளவு தெரிந்த பெட்டி தப்பாகவா சொல்லும்? தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு. வெறும் அலகோடு கூட்டுக்குத் திரும்பியது. குஞ்சுகள் பசியில் கத்தின.

"ராத்திரியில என்ன சத்தம்? தூங்குங்க!" என்று அதட்டி, சிறகால் அவற்றை மூடிக்கொண்டது. அதற்கும் மூச்சு வாங்கியது. "சே, என்ன புழுக்கமான ராத்திரி!"

மாடியில் பெட்டி குறித்துக்கொண்டது: "இரவு வெப்பம் முப்பத்தொன்பது டிகிரி. புதிய உச்சம்."