முதல் அகப்பை

முற்றுகை முடிந்து பாதை திறந்தபோது நகரத்துக்குள் முதலில் வந்தது ஒரு லொறி அரிசி. அதனால் ஆண்டுதோறும் அந்த நாளில் ஊருக்கே சோறு போட்டுக் கொண்டாடினார்கள். அன்று மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பாள் தவமலர். முற்றுகைக்குள் இருந்து மீண்டவள் என்று, இம்முறை முதல் அகப்பை போட அவளைக் கையோடு அழைத்து வந்திருந்தார் விழாக்குழுத் தலைவர் சோதிநாதன்.

வரிசையில் முதலாவதாக நின்ற சிறுமிக்கு அவள் ஒரு பிடி சோறுதான் வைத்தாள்.

"என்னக்கா, கிள்ளி வைக்கிறியள்? அண்டா நிறையக் கிடக்கு, அள்ளிப் போடுங்கோ" என்றார் சோதிநாதன்.

"இது காணும் தம்பி, போதும். அரிசி வந்த அண்டைக்கு என்ர பிள்ளைக்கு அள்ளித்தான் போட்டனான். பசி பசியெண்டு கெஞ்சிச்சுது, கேட்கக் கேட்கப் போட்டன். மாசக்கணக்காக் காய்ஞ்சு கிடந்த வயிறு தாங்கேல்லை. விடியமுன்னம் என்ர மடியிலேயே கண்ணை மூடிட்டுது."

பின்னால் ஒலிபெருக்கி வெற்றிப் பாட்டை முழங்கிக்கொண்டிருந்தது.

சிறுமி அந்த ஒரு பிடியையும் நின்ற நிலையிலேயே தின்று முடித்தாள்.

"இன்னும் போடுங்கோ அன்ரி, பசிக்குது."

தவமலர் அவளுடைய கொழுகொழுத்த கன்னங்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அகப்பையை அண்டாவுக்குள் ஆழ இறக்கினாள். தூக்கத்தான் முடியவில்லை. சோதிநாதன் அருகே வந்து, அவள் கையின்மேல் தன் கையை வைத்தார்.