பூனைக்கு ஒரு சொட்டு

"அந்தப் பூனை வேணுமா, நான் வேணுமா? இன்னைக்கு இவர் கையே பதில் சொல்லட்டும் சிஸ்டர்."

உள்ளே வந்த அம்மாள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டே கணவர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

அலர்ஜி பரிசோதனை அறை நர்ஸுக்கு இதெல்லாம் பழக்கம்தான். சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினாள்.

"மூச்சிரைப்பு எப்போ அதிகம் ஐயா?"

"ராத்திரிதான். நெஞ்சுக்குள்ள யாரோ விசில் அடிக்கிற மாதிரி இருக்கும்."

"அடிக்கிறது அந்தச் சனியன்தான்," என்றாள் மனைவி. "மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சாம், பாவமா இருந்துச்சாம், துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்துட்டார். கல்யாணம் பண்ணி என்னைக் கூட்டிட்டு வந்தப்பகூட முகத்துல இவ்வளவு பாசம் இல்ல."

"நம்ம கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யலையே," என்றார் கணவர்.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஒரு வாரமா தும்மல் மாத்திரை எதுவும் போடலையே? போட்டிருந்தா டெஸ்ட் சரியா வராது. இன்ஹேலரை மட்டும் நிறுத்த வேண்டாம்னு சொல்லியிருந்தேன்."

"இன்ஹேலர் அடிச்சுட்டுத்தான் வந்தேன். மாத்திரையைத் தொடவே இல்ல. தும்மித் தும்மி விலாவே விட்டுப்போச்சு. ஒருத்தருக்குக் கண்ணாடி மாட்டிவிடும்போது முகத்துக்கு நேரா தும்மிட்டேன். அவர் எதிர்க்கடைக்குப் போயிட்டார். இன்னைக்குக் காலையிலதான் கொஞ்சம் தேவலை."

நர்ஸ் அவர் முன்கையில் பேனாவால் சிறு கோடுகள் போட்டாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்தாள். வீட்டுத் தூசி, பூஞ்சை, மகரந்தம், கரப்பான், பூனை என்று வரிசையாகப் போனது; கடைசியாக மணிக்கட்டை ஒட்டி இன்னொரு சொட்டு. ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசி நுனியால் லேசாக ஒரு குத்து. ரத்தம் வரவில்லை.

"ஒத்துக்காததா இருந்தா அந்த இடம் மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிக்கும். கால் மணி நேரம் பார்ப்போம். சொறியக் கூடாது."

"இதுல பூனை எது?"

நர்ஸ் காட்டினாள். மனைவி அந்தச் சொட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பூனைதான் காரணம்னா யாருக்காவது கொடுத்துடுங்கன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார் சிஸ்டர். எங்க அண்ணன் கிடங்குல எலித் தொல்லை. அவர் கூடையோட காத்துக்கிட்டு இருக்கார்."

"அது உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்றார் கணவர்.

"என்ன பண்ணுச்சா? மகாராணிக்கு ஆறின பால் ஆகாது, சூடும் ஆகாது. விரலை விட்டுப் பார்த்து வைக்கணும். மீன்ல ஒரு முள்ளு இருந்தா முகத்தைத் திருப்பிக்கும். சன்னல் கதவைச் சாத்தினா கோபம், திறந்தா குளிர். எனக்கு வேற வேலையே இல்லையா?"

கணவர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். வந்ததிலிருந்து இது எத்தனையாவதோ.

"ராத்திரியெல்லாம் தும்மினா தூக்கம் எங்கிருந்து வரும்," என்றாள் மனைவி.

நேரம் முடிந்தது. நர்ஸ் சொட்டுகளைத் துடைத்துவிட்டு, விளக்கை இழுத்துப் பார்த்தாள். தூசி தடிக்கவில்லை. பூஞ்சை தடிக்கவில்லை. பூனை வைத்த இடமும் வழவழவென்று இருந்தது.

"பார்த்தியா! என் ராசாத்தி நிரபராதி!" கணவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"எல்லாம் என் தலையெழுத்து. இன்னும் எத்தனை வருஷம் அதுக்கு ஊழியம் பண்ணணுமோ." மனைவி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "கிளம்புங்க, நேரமாச்சு."

"இருங்கம்மா," என்றாள் நர்ஸ். அவள் இப்போது மணிக்கட்டை ஒட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசியா இங்க ஒண்ணு வெச்சேன். இது யாருக்குப் போட்டாலும் தடிக்கும். எனக்கும் தடிக்கும், டாக்டருக்கும் தடிக்கும். தோல் முழிச்சிருக்கான்னு பார்க்கத்தான் இதைப் போடுறது. உங்களுக்கு இதுவும் தடிக்கலை. மாத்திரை போட்டிருக்கீங்க."

"சத்தியமா இல்லைங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பூனை மேல பாசம் இருக்கலாம் ஐயா. ஆனா மூச்சை அடைக்கிறது எதுன்னே தெரியாம வீட்டுக்குப் போனா, ஒருநாள் அந்த விசில் சத்தம்கூட வராது. அதுதான் பயப்பட வேண்டிய கட்டம்."

அவர் காது மடல்கள் சிவந்தன. "பச்சைத் தண்ணியைக்கூட நானா எடுத்துக் குடிக்காதவன் சிஸ்டர் நான். மாத்திரை எந்த டப்பாவுல இருக்குன்னுகூடத் தெரியாது."

"அடுத்த வாரம் மறுபடி வாங்க. பூனைதான்னு தெரிஞ்சாலும், முதல்ல அதைப் படுக்கையறைக்குள்ள விடாம, மருந்தை ஒழுங்கா எடுத்துப் பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட நானே கேக்கறேன். ஆனா இப்படி ஏமாத்தாதீங்க."

"நான் யாரையும் ஏமாத்தலைங்க..." அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

மனைவி பையைத் தோளிலிருந்து இறக்கி, மறுபடி உட்கார்ந்தாள்.

"அவரை விடுங்க சிஸ்டர். காலையில காபியில தும்மல் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டது நான்தான்," என்றாள், கணவர் முகத்தைப் பார்க்காமல். "இவர் கடைக்குப் போனப்புறம், அந்தச் சனியனை விட்டா வீட்டுல எனக்குப் பேச்சுத்துணைக்கு யார் இருக்கா?"