தராசில் பிழை

கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், பருந்து எழும்பிப் போய் வயல் ஓரத்துப் பைன் மரத்தில் குந்திக்கொண்டது.

வின்சன்ற் அசரவில்லை. தோல் கையுறை போட்ட கையில் இறைச்சித் துண்டை வைத்து நீட்டி, விசிலடித்தான்.

பஸ் ஓட்டுகிறவனுக்குப் பருந்து பழக்குகிற ஆசை எங்கிருந்து வந்தது என்று கொலோன் நகரத்துத் தமிழ்ச் சனம் முழுக்கக் கேட்டுவிட்டது. அவன் காதில் வாங்கவில்லை. படித்தான், பரீட்சை எழுதினான், காட்டுப் பறவை ஒன்றைப் பழக்க அனுமதியும் எடுத்துவிட்டான்.

இன்று கயிறில்லாமல் பறந்து கைக்குத் திரும்பினால் அது அவனுடையது. திரும்பாவிட்டால் காட்டுக்குப் போனது போனதுதான், இன்னொன்றுக்கு அனுமதி தரமாட்டார்கள். அதைப் பார்க்கத்தான் பருந்துச் சங்கத்துத் தலைவர், ஒரு ஜேர்மன் கிழவர், பக்கத்தில் கைகட்டி நிற்கிறார்.

முறை சுலபம். பறவையின் வயிறு கொஞ்சம் காய வேண்டும், பசி இருந்தால்தான் கைக்கு வரும். வின்சன்ற் தினமும் காலையில் அதை நிறுத்துப் பார்த்து, அளந்துதான் தீனி போட்டான். ஆனால் நிறை இறங்கினால்தானே. தராசுதான் பிழை என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கினான். அதுவும் பழையதைப் போலவே காட்டியது. இரண்டையும் சேர்த்துத் திட்டினான்.

அவன் மனைவி கொறற்றி இந்த விஷயத்தில் வாயே திறப்பதில்லை. பிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் பருந்துக்கான கோழிக்குஞ்சுகள் கிடப்பதுதான் அவளுக்குப் பிடிக்காது. மற்றபடி அவள் வாசலுக்கு வருகிற தபால்காரன்கூட வடை தின்னாமல் போக முடியாது.

இன்னொரு விசில். பருந்து இறகைக் கோதியது. கிழவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

வின்சன்றுக்குக் கை வலித்தது. போய்விடுமோ என்று முதல்முறையாகப் பயந்தான். இத்தனை நாள் சனம் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது.

காருக்குள் இருந்த கொறற்றி கைப்பையோடு இறங்கி வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"கையை நல்லா உயர்த்துங்கோ. வரும்."

உயர்த்தினான். பின்னால் கைப்பையின் கொக்கி திறக்கும் சத்தம் கேட்டது.

பருந்து மரத்தை விட்டது. புல்லை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து, நேரே வந்து கையுறையில் இறங்கியது. கிழவர் கைதட்டினார். பருந்து மட்டும் இறைச்சியைக் குனிந்தும் பார்க்காமல், வின்சன்றின் தோளுக்கு மேலால் கழுத்தை நீட்டியது.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவன் கதைதான்.

"பாத்தீரே, கொறற்றி? என்ரை விசில் அதுக்கு விளங்குது."

சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் பக்கம் திரும்பினான். அவள் மடியில் கைப்பை. கொக்கியில் கோழிக்குஞ்சின் மஞ்சள் மயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

பச்சை விழுந்தது. காரை எடுத்தான்.

"அந்தத் தராசிலை பிழை இல்லைப் போல," என்றான்.